தொழில்நுட்பமும் மனித குலத்தின் நெடுங்கால எதிர்காலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழில்நுட்பம் நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்று பேச்செடுத்தால் பாதிப் பேர் செவ்வாய்க் கிரகத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மீதிப் பேர் ரோபோ வந்து எல்லாரையும் தீர்த்துக்கட்டிவிடும் என்கிறார்கள். பேச வேண்டிய சங்கதி இரண்டுக்கும் நடுவில் நிறையக் கிடக்கிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு, கூடுமானவரை நடந்து முடிந்த சம்பவங்களை வைத்தே இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். ஆரூடம் கொஞ்சம்தான்.

கேள்வி: நெடுங்காலம் என்றால் எவ்வளவு? பேரன் பேத்தி காலமா?

அதைவிட மிகப் பெரிது. நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகள் எனக் கருதப்படுபவை மொராக்கோவில் ஜெபல் இர்ஹூத் என்ற இடத்தில் கிடைத்தன. வயது சுமார் 3 லட்சம் ஆண்டு. ஒரு பாலூட்டி இனம் சராசரியாகப் பத்து லட்சம் ஆண்டு அளவுக்குத் தாக்குப்பிடிக்கும் என்று புதைபடிவங்களை வைத்துக் கணக்கிடுகிறார்கள். பூமியோ இன்னும் ஏறக்குறைய நூறு கோடி ஆண்டு உயிர்களைத் தாங்கும். அப்புறம்தான் சூரியனின் வெப்பம் கூடிக் கடல்கள் வற்றத் தொடங்கும். ஆக, நமக்கு முன்னால் இருக்கும் காலம், கடந்து வந்ததைவிடப் பன்மடங்கு நீளமாக இருக்க வாய்ப்புண்டு.

இத்தனை நீளத்தில், நம்மை நாமே முழுசாக அழித்துக்கொள்ளும் வல்லமை வந்து எண்பது ஆண்டுதான் ஆகிறது. செங்கிஸ்கான் நினைத்திருந்தாலும் அது முடிந்திருக்காது. 1945-க்கு அப்புறம் அந்தப் பேச்சு செல்லாது.

கேள்வி: விண்கல் விழுந்தோ எரிமலை வெடித்தோ மனித இனம் அழியாதா? அதற்குத் தொழில்நுட்பம் என்ன செய்யும்?

அழியலாம். ஆனால் 3 லட்சம் ஆண்டாக அழியவில்லை என்பதே ஒரு பெரிய சாட்சி. 74,000 ஆண்டுக்கு முன் சுமத்ராவில் தோபா எரிமலை வெடித்தபோது அதன் சாம்பல் இந்தியா முழுக்கப் படிந்தது. ஆந்திராவில் கர்னூல் பக்கத்தில் ஜ்வாலாபுரத்தில் தோண்டிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சாம்பல் அடுக்குக்குக் கீழேயும் கல் கருவிகள் கிடைத்தன, மேலேயும் கிடைத்தன. அங்கிருந்த மனிதக் கூட்டம் எப்படியோ சமாளித்திருக்கிறது. இயற்கை ஆபத்துகள் ஒரு நூற்றாண்டுக்குள் நம்மைத் துடைத்தெறியும் வாய்ப்பு மிக மிகக் குறைவு.

அந்தக் குறைவையும் இன்னும் குறைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறோம். 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம், சுமார் 160 மீட்டர் அகலமுள்ள டிமார்ஃபாஸ் என்ற குறுங்கோள் மீது வேண்டுமென்றே போய் மோதியது. டிமார்ஃபாஸ் தன் பெரிய ஜோடியைச் சுற்றிவர 11 மணி 55 நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. 73 வினாடி மாறினாலே வெற்றி என்று வைத்திருந்தார்கள். மாறியது அரை மணி நேரத்துக்கும் மேல். ஆறரைக் கோடி ஆண்டுக்கு முன் டைனோசர்களுக்கு இல்லாத வசதி இது.

கேள்வி: அப்படியானால் உண்மையான ஆபத்து எது?

நாம் செய்து வைத்திருப்பவை. அதில் பழையது அணு ஆயுதம். அது எவ்வளவு பக்கத்தில் வந்துபோனது என்பதற்கு ஓர் இரவு போதும்.

1983 செப்டம்பர் 26. மாஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 என்ற பதுங்கு அறை. லெப்டினன்ட் கர்னல் ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் பணியில் இருக்கிறார். நள்ளிரவுக்கு மேல் செயற்கைக்கோள் எச்சரிக்கை அமைப்பு அலறுகிறது: அமெரிக்காவிலிருந்து ஓர் ஏவுகணை கிளம்பியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் இன்னும் நான்கு. மூன்று வாரம் முன்புதான் சோவியத் விமானப்படை ஒரு கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியிருந்தது. இரு தரப்பும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நேரம். விதிப்படி அவர் மேலிடத்துக்குத் தாக்குதல் என்று சொல்ல வேண்டும். அவர் யோசித்தார்: போர் தொடுக்கிறவன் வெறும் ஐந்தோடு நிறுத்துவானா? இந்த அமைப்பும் புதுசு. தரையில் இருக்கும் ரேடார்களில் ஒன்றும் தெரியவில்லை. பொய் எச்சரிக்கை என்று அறிக்கை கொடுத்தார். உயரமான மேகங்களில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியை ஏவுகணையின் நெருப்பு என்று செயற்கைக்கோள் எடுத்துக்கொண்டிருக்கிறது.

அன்று அந்த நாற்காலியில் விதியை அப்படியே பின்பற்றும் வேறொருவர் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. மேலே இருப்பவர்களும் யோசித்திருக்கலாம். ஆனால் ஒரு ஆளின் நிதானத்தை நம்பி இத்தனை கோடி உயிர்களை வைக்கும் ஏற்பாடு, ஏற்பாடே இல்லை.

கேள்வி: கடைசியில் தொழில்நுட்பம் நல்லதா, கெட்டதா?

இந்தக் கேள்வியை நான் ஏற்பதில்லை. ஃபிரிட்ஸ் ஹாபரைப் பாருங்கள். காற்றிலிருக்கும் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்ற முடியும் என்று 1909-ல் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதை ஆலை அளவுக்குக் கொண்டுவந்தார். 1913-ல் ஜெர்மனியின் ஒப்பாவில் உற்பத்தி தொடங்கியது. நம்மூர் வயலில் தெளிக்கும் யூரியா மூட்டை அந்த வழியில் வந்ததுதான். இன்றைய உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சோறு கிடைப்பதே இந்த ஒரு வேதிவினையால் என்று கணக்கிடுகிறார்கள்.

முதல் உலகப் போரில் சிலி நாட்டு வெடியுப்பு ஜெர்மனிக்கு வராமல் பிரிட்டிஷ் கடற்படை மறித்தது. அப்போது வெடிமருந்துக்கு வழிசெய்ததும் இதே வினைதான். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிடும் வேலையை முன்னின்று நடத்தியதும் இதே ஹாபர்தான். அவருக்கு 1918-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது, அம்மோனியாவுக்காக. இவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்?

அதனால் நான் பார்ப்பது வரிசையை. ஒரு புதிய வல்லமை வருகிறது. அதற்கான காவலும் ஒரு நாள் வருகிறது. எது முதலில் வருகிறது, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு காலம், அந்த இடைவெளியில் நடக்கும் தப்பு திருத்தக்கூடியதா? நெடுங்கால எதிர்காலத்தில் முக்கால்வாசி இந்த மூன்றில் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: காவல் சரியான நேரத்துக்கு வந்ததாக ஓர் உதாரணமாவது உண்டா?

ஓசோன். பழைய ஏசி மெக்கானிக்கிடம் கேட்டால் 'ஆர்-12 கேஸ்' என்பார். குளோரோஃபுளூரோகார்பன் வகை வாயு அது. 1930-களில் வந்தபோது அதுவே ஒரு பாதுகாப்பு ஏற்பாடுதான். அதற்கு முன் ஃபிரிட்ஜில் இருந்த அம்மோனியாவும் கந்தக டை ஆக்ஸைடும் கசிந்தால் ஆளைக் கொல்லும். புதிய வாயு எரியாது, மணக்காது, யாருக்கும் விஷமில்லை. 1974-ல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் அது மேலே போய் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று எழுதினார்கள். தயாரிப்பாளர்கள் சிரித்தார்கள். 1985-ல் அண்டார்டிகாவின் ஹாலி ஆய்வு நிலையத்தில் எடுத்த அளவீடுகள், தலைக்கு மேலே ஓசோன் பெருமளவு காணாமல் போவதைக் காட்டின. இரண்டே ஆண்டில், 1987 செப்டம்பரில், அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம். இன்று உலகின் எல்லா நாடும் அதில் உண்டு. இந்தியா 1992-ல் சேர்ந்தது.

ஏன் நடந்தது? அந்த வாயுவைச் செய்தவர்கள் கொஞ்சம் பேர். மாற்று வாயு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஏழை நாடுகள் மாறுவதற்குப் பணம் கொடுக்க ஒரு நிதி வைத்தார்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் 1980-ன் நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்கிறது ஐ.நா. ஆதரவில் வந்த மதிப்பீடு. அரை நூற்றாண்டு அரித்ததை ஆற்ற, இன்னும் நாற்பது ஆண்டு. இது வெற்றிக் கதை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உயிரியல் ஆபத்து பற்றி ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள்? பெரியம்மையை ஒழித்தவர்கள்தானே நாம்?

ஆமாம், அது மனித குலம் செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று. 'அம்மை வார்த்திருக்கிறது' என்று வாசலில் வேப்பிலை செருகிய வீடுகளில் பெரியம்மை இருந்தால், அதிலிருந்து எத்தனை பேர் எழுந்து வருவார்கள் என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரியும். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் 30 கோடிப் பேர் இறந்திருப்பார்கள் என்பது மதிப்பீடு. இந்தியாவில் கடைசி நோயாளி 1975-ல். உலகில் இயற்கையாக இந்நோய் கண்ட கடைசி ஆள், சோமாலியாவின் மெர்கா நகரில் ஒரு மருத்துவமனைச் சமையல்காரர், 1977-ல், அவர் பிழைத்துக்கொண்டார்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். மறு ஆண்டே இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒரு பெண் பெரியம்மையால் இறந்தார். மருத்துவக் கல்லூரியில் புகைப்படம் எடுப்பவர். அவர் வேலை செய்த அறைக்குக் கீழ்த்தளத்தில் பெரியம்மை வைரஸ் ஆய்வகம். எந்த வழியாக அவருக்குத் தொற்றியது என்பது இன்றுவரை சண்டைதான். ஊர்களில் நோய் ஒழிந்தபின் மிச்சமிருந்த ஒரே இடம் ஆய்வகம். அங்கிருந்தே ஆளைக் கொன்றது. அதற்கப்புறம்தான் வைரஸ் கையிருப்புகளை ஒவ்வொன்றாக அழித்து, அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் இரண்டு இடங்களில் மட்டும் வைத்தார்கள்.

இன்று அந்தப் பூட்டுக்கும் மதிப்புக் குறைந்துவிட்டது. பெரியம்மையின் உறவுக்கார வைரஸான குதிரையம்மையை, தபாலில் வரவழைத்த டி.என்.ஏ. துண்டுகளைக் கோத்து ஒரு கனடா ஆய்வுக் குழு உருவாக்கிக் காட்டியது. ஆய்வுக் கட்டுரை 2018-ல் வந்தது. செலவு 1 லட்சம் டாலர் அளவுதான். டி.என்.ஏ. விற்கும் நிறுவனங்களில் பல, யார் என்ன வாங்குகிறார்கள் என்று சோதிக்கின்றன. ஆனால் பெரும்பாலும் தானாக முன்வந்து. எல்லா நாட்டிலும் கட்டாயமில்லை.

ஒப்பந்தங்கள்? உயிரியல் ஆயுதத் தடை உடன்படிக்கை 1975-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் கையெழுத்துப் போட்ட சோவியத் யூனியனே ரகசியமாகப் பெரிய ஆயுதத் திட்டம் நடத்தியது. 1979-ல் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரில் ஓர் ஆலையிலிருந்து ஆந்த்ராக்ஸ் கசிந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கெட்டுப்போன இறைச்சி என்று சாதித்தார்கள். 1992-ல்தான் ரஷ்ய அதிபர் யெல்ட்சின் உண்மையை ஒப்புக்கொண்டார். வேதி ஆயுதத்துக்கு ஹேக் நகரில் ஆய்வாளர்களோடு ஓர் அமைப்பு இருக்கிறது. உயிரியல் ஆயுதத்துக்கு இன்றும் அப்படிப் போய்ச் சோதிக்கும் ஏற்பாடு கிடையாது.

கேள்வி: காவலை வேகப்படுத்த முடியுமா?

முடியும். கொரோனா வைரஸின் மரபணு வரிசை வெளியானது 2020 ஜனவரி இரண்டாம் வாரத்தில். மார்ச் 16 அன்று முதல் மனிதருக்குச் சோதனைத் தடுப்பூசி போட்டார்கள். டிசம்பரில் ஊருக்கே போடத் தொடங்கினார்கள். முன்பு இதே வேலைக்குப் பல ஆண்டுகள் ஆகும். அதே நேரம், ஏழை நாடுகளுக்கு ஊசி போய்ச் சேர எவ்வளவு இழுத்தது என்பதும் தெரிந்ததுதான். ஆய்வகம் ஓடிய வேகத்துக்கு விநியோகம் ஓடவில்லை.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு உண்மையிலேயே மனித குலத்துக்கு ஆபத்தா, இல்லை விளம்பரமா?

விளம்பரமும் இருக்கிறது. ஆனால் 2023 மே மாதம் வெளியான ஒற்றை வாக்கிய அறிக்கை ஒன்று, செயற்கை நுண்ணறிவால் மனித இனம் அழியும் அபாயத்தைக் குறைப்பதை அணு ஆயுதப் போர், கொள்ளைநோய் ஆகியவற்றுக்கு இணையாக உலகம் கருத வேண்டும் என்றது. கையெழுத்திட்டவர்களில் அத்துறையின் முன்னோடிகளான ஜெஃப்ரி ஹிண்டன், யோஷுவா பென்ஜியோ இருவரும் உண்டு. அதைத் தயாரிக்கும் நிறுவனங்களின் தலைவர்களும் உண்டு. இதெல்லாம் வீண் பீதி என்று சொல்லும் யான் லெகுன்னும் அதே அளவு பெரிய ஆள். ஆக, துறைக்குள்ளேயே கருத்து பிளந்துகிடக்கிறது.

என் பார்வை: சினிமாவில் வரும் கெட்ட ரோபோவை விட்டுவிடுங்கள். செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை (மாடல்களை) யாரும் வரிக்கு வரி எழுதுவதில்லை. மலைபோல் தரவைக் கொடுத்துப் பழக்குகிறார்கள். பழகி முடித்தபின் உள்ளே என்ன நடக்கிறது என்பது பழக்கியவர்களுக்கே அரைகுறையாகத்தான் தெரியும். நாம் சொன்ன இலக்கை அது எப்படிப் புரிந்துகொண்டது என்று திறந்து பார்க்கும் கலை, அதன் திறன் வளரும் வேகத்துக்கு வளரவில்லை. வரிசை தப்புவது இங்கேதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு, ஒரு புரதத்துக்கு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களின் வேலையைச் சுருக்கிவிட்டது; 2024-ல் வேதியியல் நோபலில் அதற்குப் பங்கு கிடைத்தது. மருந்து தேடுபவர்களுக்கு இது வரம். அதே திறமையை நச்சு தேடுபவரும் பயன்படுத்தலாம். ஹாபர் கதைதான், வேகம் மட்டும் வேறு.

கேள்வி: எதற்கு இந்த வம்பு? தொழில்நுட்பத்தை இங்கேயே நிறுத்திவிடலாமே?

எந்த 'இங்கே'? வரலாற்றின் பெரும்பகுதியில் பிறந்த குழந்தைகளில் கிட்டத்தட்ட பாதி பெரியவர்களாகும் முன்பே இறந்தன. சுதந்திரம் வந்தபோது இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயது அளவு. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. இன்னும் அந்த முன்னேற்றம் போய்ச் சேராத இடங்கள் நிறைய. அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் நிறுத்தலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, இப்போது நிற்பது பாலத்தின் நடுவில். நிலக்கரி எரித்து 800 கோடிப் பேர் வாழும் ஏற்பாடு அப்படியே நிலைக்காது; அதிலிருந்து வெளியேறவும் புதிய கருவி வேண்டும். சோலார் தகடுகளின் விலை 2010-களில் சுமார் 90 சதவீதம் இறங்கியதால்தான் அந்தப் பேச்சே நடைமுறைப் பேச்சானது. சிலவற்றை மெதுவாக்கலாம், சிலவற்றைத் தடுக்கலாம். மரபணு வெட்டி ஒட்டும் ஆய்வை விஞ்ஞானிகளே கொஞ்ச காலம் நிறுத்திவைத்து, 1975-ல் கலிஃபோர்னியாவின் அசிலோமரில் கூடி விதிமுறை வகுத்தார்கள். அது நடக்கக்கூடிய காரியம்தான்.

கேள்வி: பருவநிலை மாற்றத்தால் மனித இனம் அழியுமா?

கோடிக்கணக்கானோரின் வாழ்க்கையைக் குலைக்கும். இனமே அழியும் என்று பெரும்பாலான அறிவியலாளர்கள் சொல்வதில்லை. ஆனால் இன்று விடும் கரியமில வாயுவில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டு காற்றில் தங்கும். நெடுங்காலக் கணக்கில் அதுவே பெரிய பாரம்.

கேள்வி: செவ்வாயில் குடியேறிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாமே?

1991-ல் அரிசோனாவில் 'பயோஸ்ஃபியர் 2' என்ற கண்ணாடிக் கட்டடத்துக்குள் எட்டுப் பேர் இரண்டு ஆண்டுக்கு அடைபட்டார்கள். உள்ளேயே விவசாயம், உள்ளேயே காற்று. மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சுவாசித்தன. வெளிவந்த கரியமில வாயுவைப் புதிய கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது. ஆக்ஸிஜன் 21 சதவீதத்திலிருந்து 14 சதவீதம் அளவுக்கு இறங்கி, வெளியிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. அதுவும் பூமியில், கதவுக்கு வெளியே காற்று இருந்த இடத்தில். போகட்டும், போவதில் தப்பில்லை. இந்த நூற்றாண்டின் ஆபத்துகளுக்கு அது பதிலாகாது.

கேள்வி: மக்கள்தொகை குறைகிறதே, அதுவே முடிவு இல்லையா?

தென்கொரியாவில் 2023-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை. தமிழ்நாடும் 1.4 அளவில், ஈடுகட்ட 2.1 வேண்டும். உலக மக்கள்தொகை 2080-களில் 1,030 கோடி அளவில் உச்சம் தொட்டு இறங்கும் என்பது ஐ.நா.வின் 2024 கணிப்பு. இது முதியோர் பராமரிப்பு, வரி, வேலையாட்கள் என்று நிறையச் சிக்கல் தரும். ஆனால் மெதுவாக வருவது, கண்ணுக்குத் தெரிந்து வருவது, திருத்திக்கொள்ள அவகாசம் தருவது. என் பட்டியலில் இது கீழே.

கேள்வி: ஆயிரக்கணக்கான ஆண்டுகளை மனதில் வைத்து யாராவது உண்மையில் வேலை செய்திருக்கிறார்களா?

பின்லாந்தில் செய்திருக்கிறார்கள். ஒல்கிலுவோட்டோ தீவில், 190 கோடி ஆண்டுப் பழைய பாறைக்குள், 430 மீட்டர் ஆழத்தில் ஒங்கலோ என்ற சுரங்கம். அணு உலைக் கழிவைச் செம்புக் குடுவையில் அடைத்து, குடுவையைச் சுற்றிப் பென்டோனைட் களிமண் திணித்து மூடுவது திட்டம். ஒரு லட்சம் ஆண்டுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது பொறியியல் அல்ல, நடைமுறை. செலவுக்கு மின்சாரம் விற்ற காசிலிருந்தே ஆண்டுதோறும் ஒரு நிதியில் ஒதுக்கினார்கள். அந்தத் தீவு இருக்கும் யூராயோக்கி ஊராட்சிக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை இருந்தது. 2000-ல் வாக்கெடுத்துச் சம்மதித்தது. அரசு இலக்கு வகுத்தது 1983-ல். நாற்பது ஆண்டு, எத்தனையோ ஆட்சிகள், யாரும் கைவிடவில்லை.

கேள்வி: படிக்கிற பிள்ளைகள் இதில் எங்கே நுழையலாம்?

ராக்கெட்டும் ஏஐ-யும் எல்லாருக்கும் தெரியும். நான் சொல்வது கண்காணிக்கும் வேலையை. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னதன் பேரில், பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரி சேகரித்தார். எச்.ஐ.வி. வெளிநாட்டு நோய், இங்கே வராது என்று பெரியவர்கள் பலரும் நம்பிய காலம். மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். ஆறில் கிருமி இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. நுழைந்துவிட்டது என்று நாட்டுக்குத் தெரிந்தது அப்படித்தான். அதைத் தொடர்ந்தே பரிசோதனையும் தடுப்புப் பணியும் தொடங்கின.

சாக்கடை நீரில் புதிய கிருமி தேடுவது, ஆய்வகப் பாதுகாப்பு விதி எழுதுவது, டி.என்.ஏ. ஆர்டர்களைச் சோதிக்கும் மென்பொருள், செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைத் திறந்து பார்க்கும் ஆய்வு, உடன்படிக்கைகளைப் படித்த வழக்கறிஞர்கள்: எல்லாவற்றிலும் ஆள் பற்றாக்குறை. சம்பளமும் பெயரும் வல்லமையை உருவாக்குபவர்களுக்குத்தான் அதிகம், அதை மறைக்க விரும்பவில்லை. உயிரியலோ கணினியோ சட்டமோ ஒன்றை நன்றாகப் படித்துவிட்டு, இரண்டாவதைப் பேசப் புரியும் அளவுக்குக் கற்றுக்கொண்டால் இந்த வேலைகளில் நுழைவது எளிது.